பட்டா யார் பேரில்?

'மாசம் ஆயிரம் ரூபா சார். வெப்சைட் போட்டுக் கொடுத்து, வருஷம் பூரா நாங்களே பாத்துக்கறோம்!'

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கடையோ பட்டறையோ வைத்திருப்பவர் என்றால், இந்த வசனத்தை நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். லேப்டாப்போடு வந்த தம்பி மூன்று மாடல் காட்டியிருப்பார். ஒரு நாளைக்கு முப்பது ரூபாய் சொச்சம்தானே என்று நீங்களும் தலையை ஆட்டியிருப்பீர்கள். தலையாட்டுவதற்குத் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

சந்தாவில் தப்பில்லை. ஒரு குத்துவிளக்குப் பட்டறைக்காரரிடம் ஐம்பதாயிரத்தை மொத்தமாகக் கேட்டால் எங்கே போவார்? மாசச் செலவு என்றால் கரன்ட் பில், வாடகையோடு அதுவும் ஒன்றாகக் கழிந்துவிடும். ஆனால், படித்த பி.காம். சும்மா இருக்க விடுவதில்லை. ஆயிரம் ரூபாய், அறுபது மாதம், அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. மொத்தம் 70,800 ரூபாய். காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன வியாபாரி என்றால், கட்டிய அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஐந்து வருஷம் கழித்து அவர் கையில் என்ன மிஞ்சும்?

அதற்கு முன், இப்போது கையில் இருப்பதைப் பாருங்கள். இந்த மாதிரிப் பக்கங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர் பக்கத்தின் உச்சியில், கோட்டு போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்குகிறார்கள். பின்னால் கண்ணாடிக் கட்டடம். கீழே இங்கிலீஷில் 'எங்கள் தொலைநோக்கு, எங்கள் லட்சியம்'. அதே இரண்டு பேர் வேறொரு ஊர் அரிசி மண்டியின் பக்கத்திலும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். பாவம், எப்போதுதான் கையை விடுவார்களோ!

மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம் வார்க்கிற வேலை அது. ஒவ்வொரு சிலைக்கும் புது அச்சு, அதை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மலேசியாவிலிருந்து ஒருவர் நடராஜர் வாங்கத் தேடுகிறார் என்றால் அவருக்கு உயரம் தெரிய வேண்டும், எடை தெரிய வேண்டும். எத்தனை நாளாகும், உடையாமல் எப்படி அனுப்புவீர்கள் என்று தெரிய வேண்டும். அதெல்லாம் இல்லை, தமிழும் இல்லை. லட்சியம் மட்டும் இருக்கிறது.

சரி, 'பாத்துக்கறோம்' என்றார்களே, அது என்ன ஆச்சு? பல பக்கங்களின் அடியில் இன்னமும் 2017 என்றே இருக்கிறது. போன் நம்பர் மாறிவிட்டது, பக்கத்தில் மாறவில்லை. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பதற்குள் வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்றால், கடைமடைக்காரர் விட மாட்டார்; சாலையில் உட்கார்ந்துவிடுவார். அதே மனுஷர் கடை வைத்தால் மட்டும், மாசாமாசம் பணம் கட்டிவிட்டு, எதைத் தூர்வாரினாய் என்று கேட்பதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். முக்கியமான சங்கதி, அந்த வெப்சைட்டின் விலாசம், அதாவது டொமைன், யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது. நிறைய இடங்களில் கடைக்காரர் பேரில் இல்லை, போட்டுக் கொடுத்தவர் பேரில் இருக்கிறது. பையில், பில்லில், போர்டில் அச்சடித்த விலாசம். ஆனால் பட்டா அடுத்தவர் பேரில். சந்தாவை நிறுத்தினால் பக்கம் போகும், அது நியாயம். பேரும் சேர்ந்து போனால்? புதுப்பிக்காமல் விட்ட பேரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாளைக்கு உங்கள் விலாசத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடும். இத்தனைக்கும் ஒரு டொமைனை வைத்துக்கொள்ள வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் ஆகும்.

குத்தகை என்றால் என்னவென்று டெல்டாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தஞ்சை ஜில்லாக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்க என்றே 1952ல் சட்டம் வந்தது. குத்தகைதாரர் பேரைப் பதிவேட்டில் ஏற்ற 1969ல் இன்னொரு சட்டம். பதிவேட்டில் பேர் இல்லாதவன் கதி என்ன என்று பார்த்த மண் இது.

'பெரிய கம்பெனியிடம் போனால் பயமில்லை' என்பீர்கள். கூகுள் சின்னக் கடைகளுக்கு இலவசமாகவே வலைப்பக்கம் கொடுத்தது. விலாசத்தின் வால் கூகுளுடையது. 2024 மார்ச்சில் அத்தனையையும் மூடியது. பழைய விலாசத்துக்கு வந்தவர்களை ஜூன் 10 வரை கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அப்புறம் அதுவும் இல்லை. சொந்தமாக டொமைன் வைத்திருந்தவர்கள் புதுப் பக்கம் கட்டி, அதே விலாசத்தை அங்கே திருப்பிக்கொண்டார்கள். மற்றவர்களின் விசிட்டிங் கார்டு செல்லாக்காசானது.

இன்னொரு வேடிக்கை. சுவாமிமலைச் சிலைக்கும் தலையாட்டி பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஊர்ப் பேரை வேறு யாரும் எடுத்து ஓட்டிவிடாமல் இருக்க, சென்னை கிண்டியில் ஒரு பதிவகமே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊரில் வேலை செய்கிறவரின் கடைப் பேர் மட்டும் யாரோ ஒருவரின் பாஸ்வேர்டுக்குள்!

அந்தத் தம்பியை மட்டும் திட்டியும் பிரயோஜனமில்லை. அவரே பல சமயம் இன்னொரு கம்பெனியிடம் மொத்தமாக இடம் பிடித்து, பங்கு பிரித்துக் கொடுக்கிறவர்தான். உள்குத்தகை! எங்கள் பக்கம் இன்ஜினீயரிங் முடித்த பசங்கள் சென்னைக்கு பஸ் ஏறாமல் இங்கேயே பிழைக்க இது ஒரு வழி. சிலையை நேரில் வந்து படமெடுத்து, எடை போட்டு, மாசம் ஒரு தடவை விலை திருத்துகிற பையனுக்கு ஆயிரம் என்ன, இரண்டாயிரமும் தரலாம்.

ஆகவே, அடுத்த தடவை தம்பி வரும்போது காபி கொடுத்து உட்கார வையுங்கள். டொமைனை உங்கள் பேரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டிலேயே பதியச் சொல்லுங்கள். விலகினால் படங்களும் எழுத்தும் உங்களுக்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதற்கு அவர் தலையாட்டுகிறாரா என்று பாருங்கள்.