மரவாய்க்குக் கிடைத்த உரிமை

உதடு அசையாமல் பேசி, பொம்மையே பேசுவதாக நம்பவைப்பது கண்ணை ஏமாற்றும் வித்தை. அவ்வித்தைக்காரர் ஒருவர், கண்ணுக்கு வேலையே இல்லாத வானொலியில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தார் என்றால் நகைப்பாருமுளர். நகைத்துவிட்டுப் போவதிலும் ஆராய்வதே தகும்.

சுவீடனிலிருந்து குடியேறியோரின் மகனாக 1903இல் சிக்காகோவில் பிறந்த எட்கார் பேர்கனே அவர். 1936 டிசெம்பரில் வானொலிக்கு வந்தார். அடுத்த மே மாதமே ஒரு கோப்பிக் கம்பனியின் ஞாயிறு நிகழ்ச்சி அவருக்குக் கிடைத்தது. 1956 வரை அவர் குரல் ஓயவில்லை. அவருடைய உதடு அசைவது தெரியும் என்பதைப் பொம்மையே சொல்லிக் கேலிசெய்யும். எனவே வித்தையில் அவர் முதல்வரல்லர். கேட்டோரைக் கட்டிப்போட்டது பாத்திரப் படைப்பே. சாதுவான பேர்கன் தயங்கித் தயங்கிப் பேச, சார்ளி மக்கார்த்தி என்னும் பொம்மை பெரிய மனிதர்களின் மூக்கை உடைக்கும்.

சார்ளியின் முகம் யாருடையது? பத்திரிகை விற்ற சிறுவன் ஒருவனைப் பார்த்துப் பேர்கன் வரைந்த படத்தைக்கொண்டு செதுக்கப்பட்டது அது. பின்னர் அதற்கு அணிவித்தவையோ உயர்ந்த தொப்பி, விருந்துடை, ஒற்றைக்கண் கண்ணாடி! தெருச்சிறுவனின் வாய்த்துடுக்குக்குச் சீமான் வேடம் தேவைப்பட்டது.

1937 டிசெம்பர் 12ஆம் நாள் நடந்தது இன்னும் சுவையானது. நடிகை மே வெஸ்ட் அந்நிகழ்ச்சியில் ஆதாம் ஏவாள் கதையைக் குறும்பாக நடித்தார். கண்டனம் கிளம்பிற்று; அரச ஆணைக்குழு என்.பி.சி. நிறுவனத்தைக் கடிந்துகொண்டது. நடிகைக்கு அவ்வொலிபரப்பில் நெடுங்காலம் இடமில்லாமற் போயிற்று. அதே இரவில் அவருடன் சரசமாடிய பொம்மைக்கோ ஒரு குறையும் நேரவில்லை. மறு ஆண்டு அதன் எசமானருக்கு மரத்தாற் செய்த சிறப்பு ஒஸ்கார் விருதே கிடைத்தது!

இஃது நமக்குப் புதிதன்று. நம் ஊர்ச் சடங்கிலே தெய்வம் ஏறியவர் போடியாரையும் அதட்டலாம். மறுநாள் வயல் வரம்பில் அதே போடியார்முன் சால்வையை இடுப்பிற் கட்டி நிற்பார். பேசியது அவரல்லர் என்ற உடன்பாடு இருக்கும்வரையில் எதையும் பேசலாம். அந்த உடன்பாட்டிற்குக் கோப்பிக் கம்பனி விலை கொடுத்தது, அவ்வளவே வேறுபாடு.

பேர்கனிடம் நான் பெருங்குறையாகக் காண்பது மோர்டிமர் ஸ்னேர்ட் என்ற இரண்டாம் பொம்மையை. நாட்டுப்புறத்தான், ஆகவே மந்தபுத்திக்காரன். நகரத்துடை அணிந்த பொம்மை பிறரைப் பார்த்துச் சிரிக்கும். கிராமத்துப் பொம்மையைப் பார்த்துப் பிறர் சிரிப்பர். நம் பள்ளிக்கூட மேடைகளிலும் இதே வாய்பாடுதான். மாணவன் வயற்காரன் வேடமிட்டு 'என்னகா' என்று இழுத்தாற் போதும், மண்டபம் அதிரும். அப்படிப் பேசுகிற தகப்பனார் பின்வரிசையில் இருந்து தாமும் சிரிப்பார். அந்த நாடகத்தை எழுதிக்கொடுத்தவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே.

பேர்கன் 1978 செப்டெம்பரில் காலமானார். உயிலில் சார்ளியின் பேரால் 10,000 டொலர் ஒதுக்கியிருந்தார். தமக்கு ஒன்றும் வைக்கவில்லை என்பதை மகள் கண்டிஸ் பேர்கன் பின்னாளில் எழுதினார். சார்ளி ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.