மாவீரர் சித்திரங்களும் பகைவனின் வழக்கும்

சித்திரப் படங்களில் வரும் மாவீரர்களைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவது தகுமோ என்று ஐயுறுவோர் சிலர் இருக்கக்கூடும். தகும் என்பதே நம் கருத்து. அமெரிக்க நாட்டிற் பிறந்த ஒரு கதைவகை, எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டுப் பிள்ளைகளாலும், பிள்ளைப் பருவம் கடந்து தாமே பிள்ளை பெற்றோராலும் விரும்பிப் பார்க்கப்படுமாயின், அதனைப் 'பொழுதுபோக்கு' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாகாது.

'சூப்பர் ஹீரோ' என வழங்கும் இவ்வீரர்களின் தொலைக்காட்சிச் சித்திரங்கள் ஏன் மங்காமல் நிற்கின்றன என்று கேட்டால், இரண்டு விடைகள் ஆயத்தமாகக் கிடைக்கும். பார்ப்பவர்க்குத் தம் இளமை நினைவுக்கு வருகிறது என்பது ஒன்று. எளியவனுக்கு வலியவனைக் காண்பதில் இயல்பாகவே ஆசை உண்டு என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இளமை நினைவே காரணமாயின், அதே சனிக்கிழமைக் காலையில், அதே பெட்டியில், அதே பிள்ளைகள் பார்த்த தொடர்களுள் பெரும்பாலானவை பெயருமின்றி மறைந்ததேன்? வலிமையே காரணமாயின், மலையைப் பெயர்த்தெறியும் சூப்பர்மேனுக்கு முன்னே, மந்திர சக்தி யாதொன்றும் இல்லாத பேட்மேன் எங்ஙனம் நிற்க முடிந்தது?

நாம் இவற்றைப் பார்த்தும் மீண்டும் பார்த்தும் கண்டது வேறு. வீரனின் வலிமை எல்லாத் தொடர்களிலும் ஏறக்குறைய ஒன்றே. அவன் வெல்வான் என்பதும் முன்னரே தெரிந்தது. வேறுபடுவது பகைவனே. பகைவனுக்கென்று ஒரு வழக்கு உண்டா, அவ்வழக்கு தோற்கும்போது பார்ப்பவன் நெஞ்சில் ஏதேனும் உறுத்துகிறதா என்பதைக் கொண்டே ஒரு தொடர் வாழ்வதும் மாய்வதும் அமைகின்றன என்று நாம் கருதுகிறோம்.

தொடக்கத்தைச் சிறிது காண்போம். ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன், 1938-ஆம் ஆண்டில் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தான். நீதிக்குப் போராடும் அவ்வீரனின் உரிமை முழுவதையும் அவனைப் படைத்தோர் 130 டாலருக்கு விற்றுவிட்டனர் என்பது இக்கதைகள் எவற்றினும் வராத கதை. 1941-இல் பிளைஷர் சித்திரக்கூடத்தார் அவனை வண்ணச் சித்திரமாக்கினர். 1943 வரை வெளிவந்த 17 குறும்படங்களுள் முதல் ஒன்பது அவர்கள் செய்தவை. ஏனைய எட்டும் அக்கூடத்தின் வழிவந்த 'பேமஸ் ஸ்டூடியோஸ்' செய்தவை. அவை திரையரங்குக்கென எடுக்கப்பட்டுப் பின்னரே தொலைக்காட்சிக்கு வந்தன. ஒளியும் நிழலும் அவற்றில் ஆடும் அழகை இன்றும் வியவாதிருக்க இயலாது. ஆனால் அவற்றுள் வரும் பகைவர் யாவர்? பித்துப்பிடித்த விஞ்ஞானி, கொள்ளையிடும் இயந்திர மனிதர், உறைபனியிலிருந்து எழுந்த பழங்கால விலங்கு. அவர்கள் ஏன் அங்ஙனம் செய்தனர் என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே அப்படங்களை நாம் ஓவியத்தை நோக்குமாறு நோக்குகிறோம். கதையை நினைந்து வருந்துவதில்லை.

தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட சித்திரங்களோ வறுமையிற் பிறந்தவை. திரையில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடவேண்டும். திரையரங்குப் படத்தில் அவற்றிற்கெனப் பற்பல சித்திரங்கள் தீட்டப்பட்டன. தொலைக்காட்சியிலோ உடல் அசையாதிருக்க வாயும் கையும் மட்டும் அசைந்தன. 1966-இல் வந்த 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' என்னும் தொடரில், அச்சான கதைப் புத்தகப் படங்களையே நகலெடுத்துச் சற்று அசைத்துக் காட்டினர். அதே சித்திரக்கூடம் 1967-இல் தொடங்கிய 'ஸ்பைடர்மேன்' தொடரில், செலவைக் குறைக்கும் பொருட்டு வீரனின் சட்டையில் இருக்கவேண்டிய வலைக்கோடுகளைப் பெரும்பகுதி நீக்கி, முகமூடியிலும் கையுறையிலும் காலணியிலும் மட்டும் வரைந்தது. அவன் கட்டடங்களுக்கிடையே ஊசலாடிச் செல்லும் அதே காட்சித் துண்டு எண்ணற்ற முறை திரும்பத் திரும்ப வரும். அங்ஙனம் சிக்கனம் பிடித்தும் அக்கூடம் நொடித்துப் போயிற்று. எஞ்சிய தொடரை வேறொரு கம்பெனி ஏற்று 1970 வரை நடத்தியது.

இத்தகைய ஏழைத் தொடர் எங்ஙனம் பிழைத்தது? சிரிப்பினாலும் பிழைத்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஒரே உடை தரித்த இரு ஸ்பைடர்மேன்கள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டும் அதன் காட்சியொன்று இன்று உலகெங்கும் நகைச்சுவைப் படமாக வழங்குகிறது. 2018-இல் வெளிவந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' திரைப்படத்தின் இறுதியில் அதே காட்சியைப் புதுக்கி வைத்து மகிழ்ந்தனர். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒன்று உண்டு. ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கர், ஒரு பத்திரிகைக்குப் புகைப்படம் விற்றுப் பிழைக்கும் இளைஞன். அப்பத்திரிகையின் முதலாளி ஜேம்சன், அவன் கொணரும் படங்களை வைத்தே ஸ்பைடர்மேனைத் திருடனென்றும் கேடனென்றும் ஊரெங்கும் தூற்றுகிறார். தன்னைத் தூற்றுவதற்கான பொருளைத் தானே கொணர்ந்து கொடுத்து, அதற்குக் கூலியும் பெற்று, மறுநாளும் அதே வாயிலில் நிற்கிறான். சம்பளத்திற்கு வேலை செய்யும் எவருக்கும் இந்நிலை விளங்கும். அத்தொடரில் கொம்பும் வாலும் முளைத்து வரும் பகைவர் பலரினும் நினைவில் நிற்பவர் மேசைக்குப் பின்னிருக்கும் ஜேம்சனே என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க.

இவ்விடத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1968-இல் பாஸ்டன் நகரருகே பெகி சாரன் முதலிய தாய்மார் கூடி, பிள்ளைகளுக்கான தொலைக்காட்சியைச் சீர்திருத்தும் பொருட்டு ஒரு சங்கம் கண்டனர். அடிதடிக் காட்சிகளுக்கு எதிராக நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாகப் பல வீரத் தொடர்கள் நிறுத்தப்பட்டன. 1973-இல் ஹானா-பார்பெரா கம்பெனியார் 'சூப்பர் பிரண்ட்ஸ்' என்னும் தொடரை வெளியிட்டனர். சூப்பர்மேனும் பேட்மேனும் வொண்டர் உமனும் ஒன்றுகூடிய அத்தொடரில் எவரும் எவரையும் குத்துவதில்லை. பகைவரும் பெரும்பாலும் தீயோரல்லர். உலகுக்கு நன்மை செய்யப் புகுந்து வழிதவறிய விஞ்ஞானிகள். வீரர் எடுத்துரைத்ததும் அவர் தம் பிழையுணர்ந்து திருந்துவர்.

பகைவனுக்கு நல்லெண்ணம் கொடுத்த இத்தொடரன்றோ நம் கொள்கைப்படி சிறந்திருக்க வேண்டும் என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் பகைவனுக்கு ஒரு காரணம் இருப்பது வேறு. அக்காரணத்திற்காக அவன் எதனையேனும் இழந்திருப்பது வேறு. இவ்விஞ்ஞானிகள் எதனையும் இழந்தவரல்லர். எவரும் அவர்களுக்குத் தீங்கிழைக்கவில்லை. பாடம் முடிந்ததும் எல்லோரும் புன்னகையுடன் பிரிகின்றனர். பிள்ளைகளுக்குத் தீங்கு வாராமற் காக்க விரும்பிய தாய்மாரை நாம் குறை கூறோம். கையோங்குதலை நீக்கியபோது துன்பத்தையும் சேர்த்து நீக்கிவிட்ட கதாசிரியரையே குறை கூறுகிறோம்.

இனி நம் மனத்திற்கு உகந்த தொடருக்கு வருவோம். 1992 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடங்கிற்று. புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி என்போர் அதனை உருவாக்கியவர்கள். பின்னணிக் காட்சிகளை வெள்ளைத் தாளில் தீட்டும் வழக்கத்தை விட்டுக் கறுப்புத் தாளிலேயே தீட்டினர். வெள்ளைத் தாளில் ஓவியன் இருளைச் சேர்க்கிறான். கறுப்புத் தாளில் அவன் வெளிச்சத்தைச் சேர்க்கிறான். எங்கே ஒரு விளக்கு வேண்டும், எந்தச் சன்னலுக்கு ஒளி வேண்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணவேண்டியதாயிற்று. அந்நகரின் இருள் பூசப்பட்ட இருளாக இல்லாமல், முன்பே அங்கிருந்த இருளாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. குரல் கொடுத்த நடிகர்களையும் கூடியவரையில் ஓரிடத்தில் இருத்தி, ஒருவர்க்கொருவர் முகம்பார்த்துப் பேசவைத்துப் பதிவு செய்தனர். 2022-இல் மறைந்த கெவின் கான்ராய், செல்வனாகிய புரூஸ் வேய்னுக்கு ஒரு குரலும் பேட்மேனுக்கு வேறொரு குரலும் கொடுத்தார்; அவற்றுள் பேட்மேனின் குரலே மெய்க்குரலென்றும் மற்றது வேடமென்றும் கேட்போர் உணர்வர்.

அத்தொடரின் 'ஹார்ட் ஆப் ஐஸ்' என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கியது. அதில் வரும் பகைவன் மிஸ்டர் பிரீஸ். 1959-இல் கதைப் புத்தகத்தில் 'மிஸ்டர் ஜீரோ' என்னும் பெயரோடு தோன்றிய அவன், பனித்துப்பாக்கி ஏந்திய வெறுந் திருடன்; எவரும் பொருட்படுத்தாத பகைவருள் ஒருவன். டினி அவனை எடுத்து அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார். தீரா நோயுற்ற நோராவை, மருந்து கண்டுபிடிக்கும்வரை காக்கும்பொருட்டு அவன் உறைநிலையில் வைத்திருக்கிறான். அவன் வேலைபார்க்கும் கம்பெனியின் தலைவர் பெரிஸ் பாயில், அச்சோதனையை நிறுத்தும்படி ஆணையிட்டு ஆட்களுடன் வருகிறார். தடுத்து மன்றாடும் அவனை உதைத்து நச்சு இரசாயனங்களிடையே தள்ளுகிறார். அன்றுமுதல் அவன் குளிரிலன்றி உயிர்வாழ இயலாதவனாகிறான். பாயிலோ மனிதாபிமானத்திற்காகப் பாராட்டும் விருதும் பெறுகிறார்!

சோதனையை நிறுத்துக என்பது ஒரு வரி ஆணை. அவ்வரி எவருடைய உயிர்மேல் விழுகிறது என்பது ஆணைத்தாளில் எழுதப்படுவதில்லை. தோட்டத்து அலுவலகத்தில் உட்கார்ந்து, மேலிருந்து வரும் இத்தகைய தாள்களைக் கோப்பில் சேர்ப்போர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

பேட்மேன் என்ன செய்கிறான்? நடந்ததைப் பதிந்த ஒளிநாடாவைக் காண்கிறான், உண்மை அறிகிறான். ஆயினும் பாயிலைக் கொல்லவந்த பிரீஸைத் தடுக்கிறான். அதுவும் மந்திர ஆயுதத்தாலன்று. அக்கதையில் அவனுக்கு ஜலதோஷம். வீட்டுப் பணியாளர் ஆல்பிரட் குடுவையில் கொடுத்தனுப்பிய சூடான கோழிச் சூப்பால் பிரீஸின் கண்ணாடிக் கவசத்தை உடைக்கிறான். பின்பு அந்நாடாவைப் பத்திரிகை நிருபரிடம் கொடுத்து, பாயிலை ஊரறிய வெளிப்படுத்துகிறான். இறுதியில் பிரீஸ் சிறையறையில் தனித்திருந்து, உள்ளே பனி பெய்யும் சிறு கண்ணாடிக் குமிழில் நிற்கும் நடனப் பாவையை நோக்கி மனைவியிடம் மன்னிப்பு வேண்டுகிறான். பகைவன் வழக்கில் வென்றான். ஆனால் அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வீரனாலும் ஆகவில்லை. இப்பகுதி எழுத்துக்காக எம்மி பரிசு பெற்றது. அதனினும் பெரிது, கதைப் புத்தகக்காரரே தம் பழைய கதையை விட்டு இக்கதையை ஏற்றுக்கொண்டமை.

இங்ஙனம் பகைவனுக்குக் காரணம் கற்பிப்பது குற்றத்திற்குப் பரிந்து பேசுவதாகாதோ என்று அஞ்சுவோர்க்கு நாம் சொல்வது: அக்கதையில் பிரீஸ் தண்டனையிலிருந்து தப்பவில்லை. பாயிலும் தப்பவில்லை. பழைய கதைகளில் முதலாமவன் மட்டுமே அகப்படுவான். ஆனால் ஒரு குறையையும் சொல்லவேண்டும். பேட்மேனும் ஒரு பெருஞ்செல்வனே. அவனுடைய சொந்தக் கம்பெனியில் எவ்வளவு நியாயம் நடக்கிறது என்று இத்தொடர் கேட்பது அருமை. பாயிலை ஆராய்ந்த கண் வேய்னை அவ்வளவு கூர்மையாக ஆராயவில்லை.

அதே 1992 அக்டோபரில் தொடங்கிய 'எக்ஸ்-மென்' தொடரையும் குறிப்பிடாமற் செல்லலாகாது. வரைவிலும் குரலிலும் அது பேட்மேனுக்கு ஈடன்று என்பது நம் எண்ணம். ஆனால் பிறவியிலேயே வேறுபட்டவர் என்பதற்காக வெறுக்கப்படும் மக்களைப் பற்றியது அது. அதன் பெரும்பகைவன் மேக்னட்டோ, அம்மக்களை மற்றவர் ஒருகாலும் வாழவிடார் என்று வாதிக்கிறான். அவன் வழியை வீரர் மறுக்கின்றனர். அவன் வாதத்தை மறுக்க அவர்களால் எளிதில் இயலவில்லை. 1997-இல் முடிந்த அத்தொடர் 2024-இல் 'எக்ஸ்-மென் '97' என்னும் பெயரில் மீண்டும் தொடர்ந்தபோது, வீரர்களுக்குத் தலைமை தாங்கும் இடத்தில் அமர்த்தப்பட்டவன் அந்த மேக்னட்டோவே. பழைய பகைவனின் வழக்கு அத்தனை ஆண்டுகளும் ஆறாமல் இருந்திருக்கிறது!

பிரீஸுக்கும் பின்னாளில் கதைகள் எழுதினர். 1998-இல் வெளிவந்த 'சப்ஜீரோ' என்னும் சித்திரத் திரைப்படத்தில் நோரா பிழைத்தெழுகிறாள். பனிப்பாலையில் நடந்துசெல்லும் அவன், ஓரிடத்துச் சன்னல் வழியே தொலைக்காட்சிப் பெட்டியில் அச்செய்தியைக் கண்டு கண்ணீர் விடுகிறான்; உள்ளே செல்லாமல் திரும்பிப் போகிறான். அம்முடிவை விரும்புவோர் பலர். நாமும் அதனை வெறுக்கவில்லை. எனினும் இரவில் வீட்டார் உறங்கியபின் நாம் போட்டுப் பார்ப்பது, மன்னிப்புக்கு மறுமொழி வாராத அந்தப் பழைய இருபத்திரண்டு நிமிடங்களையே.