யாப்பகூவாவிற் காணாத இரும்புக் காசு

1911 ஆம் ஆண்டில் யாப்பகூவாவில் நிகழ்ந்த அகழ்வின்போது 1,300க்கு மேற்பட்ட சீனக் காசுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலன சூங் வமிசத்து (960–1279) அரசர் வார்ப்பித்தவை. இச்செய்தியைக் கூறும் பாடநூல்கள், முதலாம் புவனேகபாகு (1272–1284) காலத்திற் சீன வாணிகம் செழித்தது என உடனே முடித்துவிடுகின்றன. அஃது அவசர முடிபு என்பதே எம் கருத்து.

மட்டக்குளியில் என் வகுப்பு மாணவன் ஒருவன், "சீனர் இரும்பிலும் காசு அடித்தார்களாமே, சேர், அது ஏன் இங்கே வரவில்லை?" என்று வினாவினான். அடித்தல் அன்று, வார்த்தல் என்று திருத்திவிட்டு, விடைகூற மூன்று நாட் தவணை கேட்டேன்.

இரும்புக் காசு செம்புப் பஞ்சத்தால் மட்டும் பிறந்ததன்று. 10 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தென்சீனத்துச் சூ நாட்டை ஆண்ட மா யின் என்பான் ஈயத்திலும் இரும்பிலும் காசு வார்ப்பித்தான். அயல்நாட்டு வணிகர் அக்காசைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றால் எவரும் வாங்கார். ஆதலால் அதனை அங்கேயே சரக்காக மாற்றிக்கொண்டு போயினர். எல்லை கடவாமை அக்காசின் குறையன்று. அதுவே அதன் பயன். பின்வந்த சூங் அரசரும் செச்சுவானில் இரும்புக் காசையே வழங்கவிட்டனர். 11 ஆம் நூற்றாண்டிலே தாங்குத்தர் அரசை அடுத்த வடமேற்கெல்லையிலும் அதனைப் புகுத்தினர். செம்பு பகைப்புலத்துக்கு ஒழுகாதிருக்க இட்ட அணை அது. செச்சுவான் வணிகரோ அதன் சுமை தாங்காது கடுதாசிச் சீட்டுக்கு மாறினர். 1024 இல் அரசே அச்சீட்டை வெளியிட்டது.

எனவே கடல் கடந்தது செம்பு கலந்த காசே. அதன் ஏற்றுமதியையும் சூங் அரசு பலமுறை தடுத்தது. தடையை மீறியே பெருந்தொகை வெளியேறிற்று. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளிற் கிடைத்த சீனக் காசுப் புதையல்களும் செம்புக் காசுகளே. மேலும், காசின் முகத்திலுள்ள ஆட்சிப்பெயர் வார்த்த காலத்தைக் கூறுமேயன்றிக் கப்பலேறிய காலத்தைக் கூறாது. புவனேகபாகுவின் நாளிலேயே சூங் அரசு வீழ்ந்து, கடுதாசிப் பணத்தை விரும்பிய மொங்கோலியர் ஆட்சி சீனம் முழுவதும் பரவிவிட்டது.

இரும்பு நம் ஈரமண்ணில் துருவேறி அழிந்திருக்கலாமே எனின், அத்தடை நியாயமானதே. ஆகையால் ஓர் இரும்புக் காசும் இங்கு வந்ததில்லை என யான் சாதிக்கவில்லை. யாப்பகூவாக் கடைத்தெருவில் அச்சீனக் காசு எண்ணிக் கொடுக்கப்பட்டதா, செம்பாக நிறுத்து விற்கப்பட்டதா என்பதே வினா. புவனேகபாகு தன் பெயரிலேயே செப்புக் காசு வெளியிட்டவன் என்பதையும் இங்கே எண்ணவேண்டும். பாடநூல்கள் இவ்வினாவின் பக்கமே செல்வதில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அம்மாணவன், "பரீட்சையில் வாணிகம் செழித்தது என்று எழுதினாற்றானே, சேர், புள்ளி கிடைக்கும்?" என்றான். ஆம் என்றேன்.