சுவிட்சை அமுக்கிக்கொண்டே அளந்து பாருங்கள்

மஞ்சள் உடம்பு, நடுவில் கறுப்புத் திருகு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர். 830 வகை டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குத் தாராபுரத்திலேயே கிடைக்கிறது. ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று நிற்கும் வண்டிக்கு இது உதவுமா என்று எங்கள் வீட்டுப் பழைய ஸ்கூட்டரில் சோதித்தேன். சுவிட்சை அமுக்கினால் ரிலேயில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

திருகை டிசி 20-ல் வைத்து பேட்டரியைத் தொட்டேன், 12.5 காட்டியது. நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6-ஐ ஒட்டி நிற்கும். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. ‘பேட்டரி நல்லாத்தான் இருக்குது’ என்று பலரும் இதோடு மீட்டரை எடுத்து வைத்துவிட்டு மோட்டாரைக் கழற்றப் போகிறார்கள். பட்டறைக்காரர் ஒரே வரியில் சொன்னார்: “வோல்ட்டு காட்டுமுங்க, இழுவை இருக்காதுங்க.”

ஆகவே சுவிட்சை அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும். அப்போது 10-க்கும் கீழே சரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இங்கே 11.9-ல் நின்றது. அடுத்து, கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை இன்ஜின் உலோகத்தில், மறுபடியும் அமுக்கல். எர்த் சரியாக இருந்தால் அரை வோல்ட்டைக்கூடத் தாண்டாது. மீட்டரோ 4-க்கு மேல் காட்டியது. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி எடுத்துவிட்டது. வாய்க்கால் வரப்பில் சேறும் ஆடிக் காற்றில் புழுதியும் அப்புகிற வண்டிகளில் எர்த் போல்ட்டை முதலில் பார்ப்பது நல்லது.

ஸ்கூட்டரில் பிரேக் சுவிட்ச் சரியாக வேலை செய்யாவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆக்டிவா 6ஜி, எக்ஸ்எல்100 ஐ-டச் போன்றவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. அவற்றில் பேட்டரி, ஃபியூஸ், எர்த் வரை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீட்டரின் குறைகளுக்கு வருவோம். எண் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும். சுவிட்சைச் சட்டென்று விட்டால் ஒன்றும் தெரியாது. வயர்கள் மெலிசு. அணைக்க மறந்தால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடும். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் பஸ்ஸர் இருந்தால், அதை முழுசாக நம்பாதீர்கள்: ஒரே ஒரு இழை மிஞ்சிய வயருக்கும் அது கத்தும். இதற்கு இரண்டு வயர் கோத்த இண்டிகேட்டர் பல்பு மேல். நல்ல வயரில் பளிச்சென்று எரியும், இழைகள் பெரும்பாலும் அறுந்ததில் மங்கலாம்.

10 ஆம்பியர் துளையில் வயரைச் சொருகி பேட்டரியைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அந்தத் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, ஷார்ட் ஆகிவிடும்.

12 வோல்ட் வண்டி வேலைக்குத் தாராளமாக வாங்கலாம், பல்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். திருகில் 750 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று கிணற்று மோட்டாரின் த்ரீபேஸ் பெட்டிக்குள் மட்டும் இதை விடாதீர்கள். அந்த 415 வோல்ட்டுக்கு இந்த வயரை நம்ப முடியாது.