காசிச் சர்வகலாசாலையும் மாணாக்கர் ஒழுக்கமும்

சமயத்தின் பெயர் தாங்கிய கலாசாலை தன் மாணாக்கரது ஒழுக்கத்தைப் பேணக் கடவதா, கற்பித்தலோடு அமையக் கடவதா என்னும் வினா நம்மனோரிடை நெடுங்காலமாக நிகழ்ந்து வருவது. பேணக் கடவதே என்பது எமது துணிபு. எனினும், பேணுதல் என்னும் பெயரால் நிகழ்வன யாவும் பேணுதல் ஆகா என்பதனைக் காசி இந்து சர்வகலாசாலையில் 2017ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று காட்டும்.

அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மாலை, சர்வகலாசாலை எல்லைக்குள்ளேயே மாணவி ஒருத்தியை மோட்டார் சைக்கிளில் வந்த ஆடவர் தகாத முறையில் தீண்டி அவமதித்தனர். காவலர் உதவிற்றிலர் என்றும், விடுதித் தலைமையார் அந்நேரத்து வெளியே சென்றதேன் என வினவினர் என்றும் மாணவியர் முறையிட்டனர். மறுநாள் தலைவாயிலில் அமர்ந்தனர். அவர்கள் வேண்டியன அரியன அல்ல: வழிகளில் விளக்கு, தக்க காவல், ஆடவர்க்கொரு விதியும் மகளிர்க்கொரு விதியும் இல்லாமை. 23ஆம் நாள் இரவு அவர்கள்மேற் போலீசார் தடியடி நடாத்தினர். பின்னர்த் துணைவேந்தர் விடுப்பிற் சென்றார். தலைமைப் பிராக்டர் பதவிக்கு முதன்முறையாகப் பெண்ணொருவர் அமர்த்தப்பட்டார்.

மகளிர் விடுதியை முன்னதாக அடைத்தல் ஒழுக்கத்தின் பொருட்டன்றோ எனின், அவ்வொழுக்கம் ஆடவர்க்கு வேண்டா போலும்! குற்றம் இழைத்தோர் வீதியில் உலாவ, இழையாதோர் கதவின் உள்ளே இருத்தல் எவ்வாற்றான் நீதியாம்? மணவூர்க்கு அயலதாகிய திருவாலங்காட்டை அன்பர்கள் நினைவு கூர்க. நள்ளிருளில் இறைவன் ஆடும் அச்சுடுகாட்டைத் தமக்கு உறையுளாகக் கொண்டவர் காரைக்காலம்மையார். இரவில் வெளிச்சேறல் மகளிர்க்குத் தகாது என்று அவரைத் தடுப்பார் யாவர்? தடுத்திருப்பின் நமக்கு மூத்த திருப்பதிகம் ஏது?

சரியையாவது திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் முதலாயின. அவையும் அன்பினாற் செய்யப்படினே சிவபுண்ணியம் எனப்படும். பிறர் ஏவ அஞ்சிச் செய்யின் கூலி வேலையோடு ஒக்கும். ஆசாரியன் மாணாக்கனது பக்குவம் நோக்கித் தீக்கை செய்வதன்றி, பூட்டினாற் பக்குவம் வருவிப்பதில்லை. ஒழுக்கம் கலாசாலைக்குப் புறம்பு என்பார் கூற்று இதனால் நிலைபெறாது. ஆசிரியற்கு அக்கடமை உண்டு. பூட்டே அக்கடமை என்பார் கூற்றும் நிலைபெறாது.

இவ்விடத்து நம் ஆறுமுக நாவலர் காலத்துச் செய்தி ஒன்று பெரிதும் நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலையிற் பயின்ற சைவ மாணாக்கர், விபூதி தரித்து வந்தமை காரணமாக நீக்கப்பட்டனர். நாவலர் அவர்கள் பொருட்டு 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கிலப் பாடசாலை கண்டார். பொருள் முட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளே நின்றது. எமது பாடசாலை, எமது விதி என்பதன்றோ மிஷனார் கொள்ளத்தக்க நியாயம்? அதனை அநீதி என்று அன்று கூறிய நாம், நமது பெயருடைய கலாசாலையில் அதனையே நீதி எனக் கொள்ளுதல் எங்ஙனம்? வாயிலில் அமர்ந்த பெண்களும் அம்மாணாக்கர் போன்றே கற்க வந்தவர்கள்.

திருத்தணிகையிற் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், 1939 முதல் 1948 வரை காசிச் சர்வகலாசாலைத் துணைவேந்தராயிருந்தவர். பின்னர் அவர் தலைமை தாங்கிய சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், நாடோறும் சில நிமிடம் மௌன தியானத்தோடு வேலை தொடங்குக என்றும், முதலாண்டிற் பெரியோர் சரிதங்களைக் கற்பிக்க என்றும் 1949இற் கூறிற்று. (அப்பெரியோர் வரிசையிற் புத்தர் முதற் காந்தியடிகள் வரை பலர் உளர், நம் சமயகுரவர் நால்வருள் ஒருவரேனும் இலர். தணிகையார் ஒருவர் இதனை மறந்தது வருந்தத் தக்கது.) ஆயினும் அதன் நெறி நன்று, ஒரு சமயத்தையும் மாணாக்கர்மேல் திணியாது, உள்ளத்தை ஒழுக்கத்தின்பால் திருப்ப அது முயன்றது. அரசியற் சட்டத்தின் 28ஆம் பிரிவும், அரசின் ஏற்போ பொருளுதவியோ பெற்ற கல்விச்சாலையில் ஒருவரை அவர் இசைவின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ புகுத்தலாகாது என விதிக்கும்; இளையோராயின் பாதுகாவலர் இசைவு வேண்டும். விடுதிக் கதவு எப்பொழுது அடைக்கப்படும் என்பது பற்றி அப்பிரிவிற் சொல் இல்லை. அது விடுதி ஆள்வோர் கையதாயிற்று.

சைவ அன்பர்கள் நடாத்தும் கல்லூரிகளும் நம் நாட்டிற் சில உள. அவற்றை ஆள்வோர் ஆடவர் விடுதி விதியையும் மகளிர் விடுதி விதியையும் ஒருங்கு வைத்து நோக்குவாராக. வேறுபாடு உளதாயின், அதற்குரிய காரணத்தை அம்மகளிர்க்கே எழுத்திற் கூறுவாராக.