தூங்குறதுக்கா ரயில்?

மதுரையில ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்து, விடிகாலையில எழும்பூர்ல கண்ணைக் கசக்கிக்கிட்டு இறங்குறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். ஏறத்தாழ 490 கிலோமீட்டரையும் தூங்கியே தொலைச்சிட்டீங்களேய்யா! 1977 சுதந்திர தினத்துல, மீட்டர் கேஜ் காலத்துல, ஓட ஆரம்பிச்ச மகராசி நம்ம வைகை எக்ஸ்பிரஸ். பட்டப்பகல்ல அதுல ஏறிப் பாருங்க.

நெனச்சுப் பாருங்க: காலைச் சூரியன் இப்பத்தான் கிளம்புது, சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு, வயல், வெத்தலைக் கொடிக்கால், ஜன்னல்ல முகத்தை வச்சா ஜில்லுனு காத்து. கொடை ரோடு வந்தா ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை, எதைப் பார்க்குறதுன்னு தெரியாம நான் கழுத்தைச் சுழட்ட, எதிர் சீட்டுப் பாட்டி, "என்ன தம்பி, ரயிலே பார்த்ததில்லையா?"ன்னு கேட்டாங்க. நரைச்ச தலையோட பல்லைக் காட்டுறேன்! மணப்பாறையில முறுக்கு. வாங்காமப் போறவங்க கூட எனக்குப் பேச்சே கிடையாது.

திருச்சி தாண்டுறப்பதான் பாருங்க, இதுக்குத்தான் இடது பக்க ஜன்னலுக்கு அடம் பிடிக்கிறது, மலைக்கோட்டை எட்டிப் பார்க்கும், அதுல இருந்து கண்ணை எடுக்குறதுக்குள்ள காவிரிப் பாலம், தடதடதடன்னு சத்தம் உள்ளங்கால் வழியா நெஞ்சுக்கு ஏறும், பக்கத்துல யாரோ சில்லறையை வீசிக் கும்பிடுவாங்க, கும்பிட்ட கை இறங்குறதுக்குள்ள 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், அது போச்சேன்னு ஏங்குறதுக்குள்ள மணலை விரிச்சுக்கிட்டுக் கொள்ளிடம்! கால் மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஆறு, ஒரு மலை, ஒரு கோபுரம். எந்த ரயில்லய்யா கிடைக்கும்? நான் சீட்டை விட்டு எழுந்தே நின்னுருவேன்.

2019-ல தேஜஸ் ரயில் வந்துச்சு, வேகமாத்தான் போகுது. ஆனா மூடின கண்ணாடிக்குள்ள காத்து ஏது, காவிரி வாசம் ஏது? வைகை சீட்டுல முதுகு கொஞ்சம் வலிக்கும், சரி, வலிக்கட்டும்.

திரும்புறப்ப இன்னும் விசேஷம். மத்தியானம் எழும்பூர்ல கிளம்பினா செங்கல்பட்டுல கொளவாய் ஏரி பளபளக்கும், விழுப்புரத்துக்கு அப்புறம் வெயில் சாயும், கொள்ளிடம் வரும்போது வானமே செவந்து கிடக்கும். ராத்திரி வைகைப் பாலத்துல வைகை ஏறுறப்ப பெட்டியே பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கும், நான்தான் முதல் ஆள். இறங்கி எதிர்த்தாப்ல டவுன்ஹால் ரோடு, சுடச்சுடப் பரோட்டா, சால்னா. ஊத்துங்கண்ணே, நல்லா ஊத்துங்க!