கயிறும் உழைப்பும்: ஆடுமகள் கலை பற்றிய ஒரு நோக்கு

சர்க்கஸ் கலைஞரையும் அந்தரத்தில் ஆடுவோரையும் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வியப்பிலே தொடங்கி வியப்பிலேயே முடித்துவிடுகின்றனர். உயரம், ஆபத்து, துணிவு என்பனவே அவர்தம் அளவுகோல்கள். கலைஞர் எவ்வகுப்பிலிருந்து வந்தார், அவருடைய உடல் எங்கே பயின்றது, கயிற்றைக் கட்டி நிறுத்தியவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வாறு வியப்பு, உழைப்பை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. இத்திரையை விலக்குதற்குப் பழந்தமிழ்ப் பாடலொன்றும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் தொழில் மரபொன்றும் நமக்குத் துணைபுரிகின்றன.

நற்றிணையின் 95ஆம் பாடல் கோட்டம்பலவனார் பாடியது; தலைவன் பாங்கனுக்குக் கூறுவதாக அமைந்தது. குழலும் பல்வேறு இசைக்கருவிகளும் ஒலிக்க, ஆடுமகள் ஒருத்தி முறுக்குண்ட வலிய கயிற்றின்மீது நடந்தாள். அவள் நடந்த கயிற்றிலே பின்னர் மந்தியின் குட்டியொன்று தொங்கி ஆடுகிறது. அதனைக் கண்ட குறச்சிறுவர் மூங்கில் வளர்ந்த பாறைமீதேறித் துள்ளித் தாளங்கொட்டுகின்றனர். அக்குன்றிலுள்ள சீறூரில் வாழும் கொடிச்சியின் கையிலே தன் நெஞ்சு பிணிப்புண்டு கிடக்கிறது என்று தலைவன் முடிக்கிறான்.

பாடலின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. கயிற்றிலே தொடங்கும் பாடல் பிணிப்பிலே முடிகின்றது. ஒரே கயிறு ஆடுமகளுக்குத் தொழில். மந்திக்குட்டிக்கும் சிறுவருக்கும் விளையாட்டு. தலைவனுக்கோ உள்ளத்து உணர்வின் சாயல். இவ்வரிசையிலே முதலில் மறைந்துபோவது ஆடுமகளே. அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. அவள் நடந்தாள் என்னும் செய்தி மட்டுமே எஞ்சுகிறது. ஊர்விட்டு ஊர் சென்று ஆடிப் பிழைத்தோரின் உழைப்பு, அகப்பாடலின் பின்புலமாக மாற்றப்பட்டுள்ளது. புலவரின் உவமைத் திறனை மட்டும் போற்றும் திறனாய்வு இம்மாற்றத்தைக் காணத் தவறிவிடுகின்றது. எனினும் புலவர் ஓருண்மையைக் காத்துத் தந்துள்ளார்: இசைப்போர் இன்றிக் கயிற்றில் நடப்பவள் இல்லை. தனியொருத்தியின் சாதனையாகத் தோன்றுவது கூட்டுச் செயலே.

இவ்வுண்மையின் வேரைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே காணலாம். சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு, கரைவலைத் தொழிலுக்கும் அதனோடு பிறந்த அம்பாப் பாடல்களுக்கும் பெயர்பெற்ற தமிழ் மீனவக் கிராமம். கடலில் வளைத்த வலையின் இரு புறத்துக் கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடுவர். இழுப்பின் கதியே பாட்டின் கதி. கயிற்றின் இறுக்கத்தையும் தளர்வையும் உடலால் அறிவதும், அடுத்தவன் அசைவோடு தன் அசைவை இணைப்பதும் இங்கு தொழிலின் தேவைகள். கயிற்றிலாடுவோர் கலையின் அடிப்படைகளும் இவையே. கவிதையின் தோற்றத்தைக் கூட்டுழைப்பின் தாளத்தோடு இணைத்து ஜோர்ஜ் தொம்சன் கூறியது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஆயின், கரையோர வாழ்வை இலட்சியமயப்படுத்துதலும் தவறாகும். வலையை உடையவர், வலையை இழுப்பவர் என்னும் பிரிவு அங்கும் உண்டு. வேறுபாடு யாதெனில், அங்கு பாட்டு உழைப்பிலிருந்து பிரிந்து விற்பனைப் பொருளாகவில்லை என்பதே.

அப்பிரிவு முழுமை பெறுவதைத் தலைச்சேரி வரலாறு காட்டுகின்றது. விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் இந்திய சர்க்கஸைத் தொடங்கினார். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் நிறுவினார். களரிப் பயிற்றிலே நெகிழ்வும் நிதானமும் பெற்ற கிராமத்து உடல், கூடாரத்தினுள் நுழைவுச்சீட்டுக்குரிய காட்சியாயிற்று. அவ்வூர் வழிவந்த கயிற்றுக்கலைஞர் கண்ணன் பொம்பாயோ 1930களில் மேலைநாட்டு அரங்குகளிலும் புகழ் பெற்றார். ஆடுமகளுக்குக் கிட்டாத பெயர் அவருக்குக் கிட்டியது உண்மை. ஆயினும் அத்தகைய புகழ் மிகச் சிலருக்கே உரியதாயிற்று. கூடாரத்தைத் தாங்கிய பலரும் பெயரற்றோராகவே மறைந்தனர். வறுமைப்பட்ட குடும்பங்களின் சிறுவர் சிறுமியரும் அங்கு உழைப்புக்கு உட்படுத்தப்பட்டனர். சர்க்கஸில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடைசெய்யுமாறு இந்திய உச்சநீதிமன்றம் பணித்தது 2011இலேதான். நற்றிணைச் சிறுவர் விருப்போடு தாளங்கொட்டினர். கூடாரத்துச் சிறுவரோ பிறர் தாளத்துக்கு ஆடவேண்டியவராயினர். விளையாட்டுக்கும் சுரண்டலுக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே.

எனவே அந்தரக் கலைஞரின் படைப்பாற்றலை மதிப்பிடுவோர் உயரத்தை மட்டும் அளத்தல் போதாது. உடலைப் பயிற்றிய உழைப்பு, உடனிருந்த கூட்டம், வருவாயின் பங்கீடு ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்கல் வேண்டும். அவ்வாறு நோக்குவதனால் கலையின் அழகு குறைந்துவிடாது. அவ்வழகு எவருடையது என்பதே தெளிவாகும். உடப்பின் அம்பாவைத் தொகுப்போர் பாடலோடு, கயிற்றைப் பிடித்த கைகளையும் அக்கைகளுக்குக் கிடைத்த பங்கையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. இன்றேல் ஆடுமகளுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும்: பாடல் நிலைக்கும், பாடியவர் மறைவர்.